அயலட்டையும் சூட்கேசும்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிற பிள்ளைகளே, நீங்கள் செய்த ஒப்பீட்டு அட்டவணையைப் பிரதீபன் எனக்கு அனுப்பியிருந்தான். ஒரு பக்கம் வலையமைப்பு நெறிமுறைகளின் பெயர்கள், மேலே அவற்றின் குணங்கள், நடுவில் பச்சையும் சிவப்புமாக அடையாளங்கள். வடிவாகத்தான் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இதைவிட நீளமான அட்டவணை செய்தவள்தான். அதை வெள்ளவத்தை அலுவலகச் சுவரில் ஒட்டி, தேத்தண்ணீர் கொண்டு வருகிறவர் வரைக்கும் விளக்கம் சொன்னவள். ஆனால் ஒரு சனிக்கிழமை அந்த அட்டவணை எனக்கு ஐந்து சதத்துக்கும் உதவவில்லை. அந்த நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். என் வேலைக்காலத்தில் நான் மிகவும் பெருமைப்படுகிற நாளும் அதுதான்.

அந்த இரண்டு நெறிமுறைகளின் உண்மையான பெயர்களை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் உங்களில் பாதிப் பேர் வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னோடு சண்டைக்கு வருவீர்கள். கோயில் நிர்வாகச் சண்டையில்கூட ஒரு கட்டத்தில் களைத்துப் போய்ப் பிரசாதம் சாப்பிடுவார்கள், இந்தச் சண்டையில் அதுவும் கிடையாது. அலுவலகத்தில் நாங்கள் வைத்த பட்டப்பெயர்களே போதும். ஒன்று அயலட்டை, அதாவது அக்கம்பக்கம். மற்றது சூட்கேஸ்.

கதை கொட்டாஞ்சேனையில் தொடங்குகிறது. அங்கே ஒரு மரண உதவிச் சங்கம் இருக்கிறது. துறைமுகத்தில் வேலை செய்த கத்தோலிக்கக் குடும்பங்கள் தொடங்கிய சங்கம். பிறகு வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்து யாழ்ப்பாணத்து ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், கதிரை, கோப்பி, சவப்பெட்டி எல்லாவற்றையும் சங்கமே பார்க்கும். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்காக, பெரிய நிறுவனம் ஒன்றின் சமூக வலைத்தளத்தில் சங்கத்துக்கு ஒரு பக்கமும் இருந்தது. மரண அறிவித்தல், அஞ்சலிக் குறிப்புகள், பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கிற படங்கள் எல்லாம் அதில்தான். அந்தப் படம் எங்கள் ஆட்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். வர முடியாத மகன் அதைப் பார்த்துத்தான் அழுவான்.

அந்த நிறுவனத்தின் இயந்திரத்துக்கு இது விளங்கவில்லை. பெட்டிக்குள் கிடக்கிற உடலைக் கண்டு, இது கொடூரமான படம் என்று முடிவு செய்து, ஒரே நாளில் பக்கத்தை மூடிவிட்டது. பல வருடத்து அறிவித்தல்களும், பேரப்பிள்ளைகள் எழுதிய குறிப்புகளும் போய்விட்டன. முறையிட்டதற்கு ஒரு மனிதரிடமிருந்தும் பதில் வரவில்லை.

சங்கத் தலைவர் செபமாலை அண்ணன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் இன்னும் கப்பலுக்குக் கேட்கிற மாதிரித்தான். ஹெல்மெட்டை என் மேசையில் வைத்தார்.

"மிஸ், யாருமே மூட முடியாத ஒன்னு வேணும் எங்களுக்கு. எங்கட ஆளுங்க சாவ மூடி வைக்க அவனுங்க யாரு?"

ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத சமூக வலையமைப்பு என்று நாங்கள் அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தோம். பதிவுகளை வைத்திருக்கிற சேர்வர் கணினிகள் பல இடங்களில் இருக்கும், அவை ஒன்றோடொன்று கதைக்கும். எந்த ஒழுங்கில் கதைப்பது என்பதுதான் நெறிமுறை. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் தலையிடி.

அயலட்டை முறையில் ஒவ்வொரு சங்கமும் தன் சேர்வரைத் தானே நடத்தும். கொட்டாஞ்சேனைக்கு ஒன்று, ரொறொன்ரோவில் இருக்கிற கிளைக்கு ஒன்று, பரிஸ் நகரில் ஒன்று. ஒரு சேர்வர் தனக்குத் தெரிந்த மற்றச் சேர்வர்களுக்குச் செய்தியை அனுப்பும். யாரோடு உறவு வைப்பது, யாருக்குக் கதவைச் சாத்துவது என்று அந்தந்தச் சேர்வரை நடத்துகிறவர் முடிவு செய்வார். குறை என்னவென்றால், உங்கள் சேர்வர் செத்துவிட்டால் உங்கள் பழைய பதிவுகளும் அதோடு போகும். வேறு இடத்துக்கு மாறுவதும் பெரிய கரைச்சல்.

சூட்கேஸ் முறையில் உங்கள் அடையாளமும் பதிவுகளும் உங்களுடையவை. ஒரு சேர்வர் மூடினால் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு அடுத்த சேர்வருக்குப் போகலாம், பெயர்கூட மாறாது. எல்லோருடைய பதிவுகளும் ஒரு திறந்த ஓட்டத்தில் சேரும். அதிலிருந்து யாரும் எடுத்து, தங்கள் விருப்பப்படி ஒரு செயலி கட்டலாம். அனுமதி கேட்கத் தேவையில்லை.

பிரதீபன் சூட்கேசின் ஆள். இப்போது உங்களுக்கு மேலதிகாரியாக இருக்கிறவன், அப்போது தாடிகூடச் சரியாக முளைக்காதவன். ஆனால் வாதாடத் தெரிந்தவன்.

"அக்கா, எங்கட சனம் எத்தினை தரம் வீடு வாசலை விட்டிட்டு ஓடினது? ஒவ்வொரு முறையும் பட அல்பங்களையும் விட்டிட்டுத்தானே ஓடினவை? இது ஒண்டையும் விடாமல் கொண்டு போகலாம். எங்களுக்கெண்டே செய்த மாதிரி இருக்கு."

எங்கள் வீட்டு அல்பமும் அப்படிப் போனதுதான். அவன் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. உள்ளுக்குள் நானும் சூட்கேசின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

எங்கள் பெரியக்காவைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். பம்பலப்பிட்டியில் தனியாக இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்துக்கு மீன் ரோல்ஸ் செய்து அனுப்புவார். அதில் பெரிய பங்கு பிரதீபனுக்குத்தான். என் வேலையைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு கருத்துத்தான் இருந்தது.

"எல்லாரும் உயிரோட இருக்கிற ஆக்கள் கதைக்கிறதுக்கு நெற்வேர்க் செய்யினம். நீ மட்டும் செத்தாக்களுக்குச் செய்யிறாய். நல்லா வருவாய்!"

முடிவு எடுப்பதற்கு முன்னர், இரண்டு முறைகளையும் சில வாரங்கள் ஒன்றாக ஓட்டிப் பார்ப்போம் என்று தீர்மானித்தோம். சங்கம் ஒரு அறிவித்தலைப் போட்டால் அது அயலட்டையிலும் போகும், சூட்கேசிலும் போகும். வெள்ளவத்தையில் சில வயது போனவர்களின் கைகளில் செயலியைப் போட்டுக் கொடுத்தோம். அவர்களில் ஒருவர் இராசமணி அன்ரி. காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நான்காம் மாடியில் தனியாக இருந்தவர். பரிசில் இருந்த மகன் அனுப்பிய டேப்லட் ஒன்று வைத்திருந்தார். நான்தான் அதில் செயலியைப் போட்டுக் கொடுத்தேன். காலையில் கோப்பி குடித்து, சாமி கும்பிட்டு, பிறகு மரண அறிவித்தல் பார்ப்பது அவருடைய வழக்கம்.

"பேப்பரிலயும் நான் முதல் பாக்கிறது இதைத்தான் பிள்ளை. இப்ப கண்ணாடி இல்லாமல் பெருசாக்கிப் பாக்கலாம்" என்று என் கன்னத்தைத் தடவினார். அவருக்கு இதயத்தில் சத்திரசிகிச்சை முடிந்து அதிக நாள் ஆகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் கூட்டம். எந்த முறை என்று அன்றைக்கு முடிவு. அதற்கு முதல்நாள், சனிக்கிழமை காலை, நானும் பிரதீபனும் கொட்டாஞ்சேனை மண்டபத்தில் புரொஜெக்டரைப் பொருத்திக்கொண்டிருந்தோம். அட்டவணையைத் திரையில் போட்டுப் பார்த்தோம். சூட்கேசின் வரிசை முழுக்கப் பச்சையாக இருந்தது. அப்போதுதான் இராசமணி அன்ரியின் மகள் சாந்தி அழைத்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் வந்துகொண்டிருந்தாள்.

"அக்கா, தம்பி பரிசில மோசம் போட்டான். ராத்திரி நெஞ்சு வலி எண்டு கொண்டு போனவையாம், காப்பாத்தேலாமல் போச்சுதாம். அம்மாக்கு இன்னும் சொல்லேல்ல. நான் டொக்டரையும் சின்னம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் நேர சொல்லுவம் எண்டு வாறன். இப்ப பாத்தால் உங்கட இதில அறிவித்தல் வந்திட்டுது! அம்மா பாத்திட்டா என்ன செய்யிறது அக்கா?"

நடந்தது இதுதான். பரிசில் இறந்தவரின் மைத்துனர், நாலு பேருக்கு உடனே தெரிய வேண்டுமே என்று படத்தையும் உறவுகளின் பெயர்களையும் சங்கத்துக்கு அனுப்பியிருக்கிறார். சங்கத்தில் அன்றைக்குப் பொறுப்பாக இருந்தவர், கிடைத்த கையோடு போட்டுவிட்டார். வேகமாகப் போடுவதுதான் நல்ல சேவை என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். தாய்க்குச் சொல்லியாயிற்றா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஆட்களிடம் இது எப்படி நடக்கும் என்று தெரியாத யாரும் உங்களில் இருக்க மாட்டீர்கள். வெளிநாட்டில் பிள்ளை போய்விட்டால், தாய்க்கு உடனே சொல்ல மாட்டார்கள். முதலில் ஒரு சகோதரி வந்து சேர வேண்டும், பக்கத்தில் டொக்டர் இருக்க வேண்டும், சாப்பிட்டு மருந்து குடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கையைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். அதுவரை ஊருக்கே தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. அதேநேரம் அறிவித்தலைக் கண்ட ஒருவரும் சும்மா இருக்க மாட்டார்கள். உடனே தொலைபேசி எடுப்பார்கள், அல்லது வாசலிலிருந்தே அழுதுகொண்டு வருவார்கள். ஆகவே டேப்பைப் பறித்து வைத்தால் மட்டும் போதாது. அறிவித்தலே ஊர் கண்ணில் படக்கூடாது.

"ரெண்டிலயும் அழி" என்று பிரதீபனிடம் சொன்னேன்.

அவன் அழித்தான். இரண்டு முறையிலும் அழிப்பது என்பது மற்ற இடங்களுக்கு விடுகிற ஒரு வேண்டுகோள் மாத்திரம்தான். இதை மறந்துவிடாதீர்கள். அயலட்டையில், யார் யாருக்கு அது போனது என்று எங்கள் சேர்வருக்குத் தெரியும். கொட்டாஞ்சேனையில் உடனே மறைந்தது, பரிசில் மறைந்தது. ரொறொன்ரோவில் மட்டும் போகவில்லை, அங்கே ஏதோ அமைப்பில் பிழை. நான் அந்தச் சேர்வரை நடத்துகிறவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே படுக்கைக்குப் போகிற நேரம். "அண்ணை, தாய்க்கு இன்னும் சொல்லேல்ல" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். "விளங்குது தங்கச்சி, லைனில நில்லும், இப்ப எடுக்கிறன்" என்றார். நான் தொலைபேசியை வைப்பதற்கு முன்னரே அங்கேயும் மறைந்துவிட்டது.

சூட்கேசில் எங்கள் செயலியிலிருந்து உடனே மறைந்தது. "பாத்தீங்களோ அக்கா, இதிலயும் வடிவா வேலை செய்யுது" என்று பிரதீபன் சொல்லி வாயை மூடவில்லை, சாந்தி ஒரு இணைப்பை அனுப்பினாள். யாரோ ஒருவர் அந்தத் திறந்த ஓட்டத்திலிருந்து தமிழ் மரண அறிவித்தல்களை எல்லாம் அள்ளி, விளம்பரங்களுக்கு நடுவில் போடுகிற தளம் ஒன்று. எங்கள் அறிவித்தல் படத்தோடு அங்கே நின்றது. அது சொந்தக்காரர்களின் குழு ஒன்றிலும் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் அழிப்பு வேண்டுகோளை அந்தத் தளம் சட்டை செய்யவில்லை.

பிரதீபன் அதை நடத்துகிறவரைத் தேடினான். பெயர் இல்லை, நாடு இல்லை, தொலைபேசி இல்லை. தொடர்புக்கு என்றிருந்த பக்கத்தை அழுத்தினால் வெறுமையாக வந்தது. அவன் முகம் வெளிறிப் போனதை இன்றைக்கும் மறக்கவில்லை.

"அக்கா, யாருக்குப் போன் அடிக்கிறது எண்டே தெரியேல்ல."

பிள்ளைகளே, என் வாழ்க்கையில் நான் கேட்ட தொழில்நுட்ப அறிக்கைகளில் மிகவும் முக்கியமானது அந்த ஒரு வசனம்தான்.

கணினியால் இதற்கு மேல் ஒன்றும் ஆகாது என்று தெரிந்துவிட்டது. பிரதீபனை அங்கேயே இருந்து தேடச் சொல்லிவிட்டு, நான் ஓட்டோ ஒன்றில் ஏறினேன். மருதானையில் வழக்கம்போல வாகன நெரிசல். அது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று, இருந்த இடத்திலிருந்தே தொலைபேசி எடுக்க முடிந்தது. இராசமணி அன்ரிக்கு நேர் மேல் மாடியில் புவனா அன்ரி என்று ஒரு சிநேகிதி. இலக்கத்தைச் சாந்தியிடம் வாங்கி எடுத்தேன்.

"ஐயோ பிள்ளை, நான் இப்பதான் பாத்தனான். சீலை மாத்திக்கொண்டு கீழ போக வெளிக்கிடுறன்" என்றார் அழுகிற குரலில்.

நான் இடைமறித்தேன். "அன்ரி, அவவுக்கு ஒண்டும் தெரியாது. சாந்தி வரும்வரைக்கும் தெரியக் கூடாது. நீங்கள் போங்கோ, ஆனா சும்மா போற மாதிரிப் போங்கோ. டேப்பைத் தொட விடாதைங்கோ. போன் வயரைக் கழட்டி விடுங்கோ."

மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. "சரி. முகத்தைக் கழுவிப்போட்டுப் போறன்" என்றார்.

பிறகு கட்டடத்தின் பாதுகாவலருக்கு எடுத்தேன். சிங்களப் பிள்ளை, நான் போய் வருகிறபோதெல்லாம் சிரித்துக் கதைக்கிறவன். "மல்லி, இன்றைக்குப் பின்னேரம் வரை லிப்ட்டை நிறுத்தி வை" என்று, தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொல்லி, காரணத்தையும் சொன்னேன். அவன் உடனே போய் நிறுத்தினான். இராசமணி அன்ரியைப் பார்க்க வரக்கூடியவர்கள் எல்லோரும் முழங்கால் வருத்தக்காரர்கள். நாலு மாடி ஏற ஒருவராலும் முடியாது. அதை நம்பித்தான் அந்த முடிவு எடுத்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கீழ் மண்டபத்தில் ஏற்கெனவே மூன்று பேர் கைக்குட்டையோடு நின்றார்கள். லிப்ட்டைப் பார்ப்பதும் படிக்கட்டைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒவ்வொருவராகப் பிடித்து இருத்தி, விஷயத்தைச் சொன்னேன். சொன்னவுடன் எல்லோருக்கும் விளங்கியது. அவர்களும் என்னோடு சேர்ந்து காவல் இருந்தார்கள். மீன் வாங்கிக்கொண்டு வந்த ஐந்தாம் மாடிக்காரர் ஒருவர்தான் என்னைக் கண்டபடி ஏசிவிட்டுப் படியேறினார். அவர் ஏசியது நியாயம்தான்.

பின்னேரம் சாந்தி வந்தாள். டொக்டரும் சின்னம்மாவும் கூட வந்தார்கள். லிப்ட்டைத் திறந்துவிடச் சொல்லலாம் என்று பார்த்தால், பாதுகாவலன் சாவியோடு சாப்பிடப் போய்விட்டான். டொக்டர் பெருமூச்சு விட்டபடி படியேறினார். நானும் பின்னால் போனேன். கதவுக்கு வெளியே நிற்கும்போது உள்ளேயிருந்து புவனா அன்ரி சிரிக்கிற சத்தம் கேட்டது. ஏதோ தொலைக்காட்சி நாடகத்தின் மாமியாரைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அப்படியே கதைத்திருக்கிறார். சாந்தி உள்ளே போனதும் அவர் வெளியே வந்து, சுவரைப் பிடித்தபடி அங்கேயே இருந்து அழத் தொடங்கினார்.

"நாள் முழுக்கச் சிரிச்சனான் பிள்ளை. அவன் என்ர மடியில வளந்த பிள்ளை" என்றார். நானும் அவரோடு நிலத்தில் இருந்துகொண்டேன். உள்ளே கேட்ட சத்தத்தை நான் எழுத மாட்டேன்.

வெகுநேரம் கழித்துச் சாந்தி என்னை உள்ளே கூப்பிட்டாள். இராசமணி அன்ரி கட்டிலில் சாய்ந்திருந்தார். டொக்டர் பக்கத்தில். அன்ரி டேப்பைக் கையில் வைத்திருந்தார்.

"அறிவித்தலை எடுத்துப்போட்டியாம். சாந்தி சொன்னவள். நல்லது செய்தாய். இப்ப அதை எனக்குக் காட்டு."

சேமித்து வைத்திருந்த பிரதியைத் திறந்து காட்டினேன். பெரிதாக்கி, ஒவ்வொரு பெயராக விரலை வைத்து வாசித்தார். மகனின் பெயரில் விரல் நின்றது.

"மகேந்திரன் எண்டு கந்தோரில வேலை செய்யிற ஆக்கள்தான் கூப்பிடுவினம். வீட்டில அவன் பபா. அதையும் போடு. அவனோட விளையாடின பெடியளுக்கு அப்பதான் தெரியும்."

சேர்த்தேன். சரியா என்று இரண்டாம் தரம் வாசித்தார். பிறகு, எதை அழுத்த வேண்டும் என்று என்னைக் கேட்டு, தன் விரலாலேயே அழுத்தினார். அயலட்டை வழியாகக் கொட்டாஞ்சேனை, ரொறொன்ரோ, பரிஸ் எல்லா இடத்துக்கும் அது போனது. அந்த அனாமதேயத் தளத்தில் மட்டும் பழையதே நின்றது. பபா என்ற பெயர் இல்லாமல், பற்பசை விளம்பரத்துக்குப் பக்கத்தில். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அடுத்த நாள் கூட்டத்தில் நான் அட்டவணையைத் திரையில் போடவே இல்லை. எழுந்து நின்று, அயலட்டைதான் என்றேன். பிரதீபன் உடனே எழும்பினான். அது எனக்குப் பிடித்திருந்தது. முதல்நாள் பயந்துபோனவன் என்பதற்காக அவன் தன் கட்சியை விட்டுவிடவில்லை.

"அக்கா, நேற்று நடந்தது நெறிமுறையின்ர பிழை இல்லை. தாய்க்குச் சொல்ல முதல் போட்டது எங்கட பிழை. போட முதல் கேக்கவேணும் எண்டு ஒரு ஒழுங்கு வைச்சால் முடிஞ்சுது. அதுக்காக, நாளைக்கு ஒரு சேர்வர் செத்தால் எல்லாம் போற முறையையா எடுக்கிறது?"

அவன் சொன்னது சரி. சரியென்றே சொன்னேன். "ஒழுங்கு வைப்பம். ஆனா ஒழுங்கு வைச்சாலும் மனிசர் பிழை விடுவினம். பிழை விட்ட அண்டைக்கு ஆருக்குப் போன் எடுக்கிறது எண்டு எனக்குத் தெரியவேணும். இந்தச் சங்கத்துக்கு மூடுபடுறதை விடப் பெரிய பயம் ஒண்டு இருக்கு. ஒரு தாய் பிழையான விதத்தில கேள்விப்படுறது."

செபமாலை அண்ணன் தொண்டையைச் செருமினார். யாரும் மூட முடியாத ஒன்று வேண்டும் என்று கேட்டு வந்தவர் அவர். நான் சொல்வது அவர் கேட்டதற்கு நேர் எதிர். அவர் என்னையே பார்த்தார்.

"மிஸ், அப்போ நாளைக்கு எங்கட சேர்வர் கவிழ்ந்தா?"

"மற்றச் சங்கங்கள் ஒவ்வொண்டும் எங்கட பழைய அறிவித்தல்களின்ர பிரதியை வைச்சிருக்கும். நாங்கள் அவையின்ரதை வைச்சிருப்பம். அந்த வேலையை நானே செய்து தாறன். செய்து முடியும்வரைக்கும் காசு வேண்டாம்" என்றேன். எங்கள் முதலாளி பின்வரிசையில் இருமினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

செபமாலை அண்ணன் கையை உயர்த்தினார். மற்றவர்களும் உயர்த்தினார்கள். கடைசியில் பிரதீபனும் உயர்த்தினான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான்.

அந்தப் பிரதி எடுக்கிற ஏற்பாட்டை அவனும் நானும் சேர்ந்துதான் கட்டினோம். சில வருடங்களுக்குப் பிறகு, எங்கள் சேர்வரை வைத்திருந்த இடம் சொல்லாமல் கொள்ளாமல் மூடப்பட்டது. ரொறொன்ரோக்காரர்கள் எங்கள் அறிவித்தல் அத்தனையையும் திருப்பித் தந்தார்கள். ஒரு அஞ்சலிக் குறிப்புக்கூடக் குறையவில்லை. அன்றைக்குப் பிரதீபன் என் மேசைக்கு வந்து, ஒரு மீன் ரோல்ஸ் வைத்துவிட்டுப் போனான். பெரியக்கா அவனுக்கு அனுப்பிய பங்கிலிருந்து.

சூட்கேஸ் கூடாது என்று நான் சொன்னதாகப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். பிறகு ஒருமுறை, எழுதியதை மறைக்கச் சொல்லி மிரட்டப்பட்ட எழுத்தாளர் குழு ஒன்று எங்களிடம் வந்தது. அவர்களுக்கு நானே சூட்கேசைத்தான் கட்டிக் கொடுத்தேன். அவர்களுடைய பயம் வேறு. வந்தவர்களிடம் என்ன வசதி வேண்டும் என்று கேட்காதீர்கள். எதை நினைத்தால் நித்திரை வராது என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு அட்டவணையைச் செய்யுங்கள். நீங்கள் அனுப்பிய அட்டவணையில் அந்தக் கேள்வி இல்லை, அதைத்தான் இத்தனை பக்கத்தில் சுற்றி வளைத்துச் சொல்லியிருக்கிறேன்.

கூட்டத்தில் பிரதீபன் கேட்ட ஒழுங்கையும் வைத்தோம். அறிவித்தலைப் போட முன்னர் திரையில் ஒரு கேள்வி வரும்: வீட்டில் எல்லோருக்கும் சொல்லியாச்சா? அந்த வசனத்தை எழுதியவள் நான். பரிஸ் எடுத்தது, ரொறொன்ரோ எடுத்தது, பிறகு நான் பெயரே கேள்விப்படாத ஊர்களின் சங்கங்களும் எடுத்தன. எத்தனையோ நிரல்கள் எழுதியிருக்கிறேன், எல்லாம் பழசாகிப் போயின. இந்த ஒரு கேள்வி மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பெருமைப்படாமல் என்ன செய்வது?

அண்மையில் என் அண்ணா மெல்பேர்னில் காலமானார். செய்தி வந்தவுடன், பழகிய கையல்லவா, அறிவித்தலை நானே எழுதினேன். படத்தைப் போட்டேன். திரையில் என் கேள்வி வந்தது. வாசிக்காமலே ஓம் என்று அழுத்தி அனுப்பிவிட்டேன்.

அடுத்த நிமிடம் பிரதீபன் அழைத்தான். இப்போது சங்கத்துக்கு வருகிற அறிவித்தல்களைப் பார்த்துப் போடுகிற பொறுப்பு அவனுடையது. அவனும் அழுதிருந்தான், குரலில் தெரிந்தது.

"அக்கா, நான் இன்னும் போடேல்ல. பெரியக்காக்குச் சொல்லியாச்சா?"

பெரியக்கா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சத்திரசிகிச்சை முடிந்து வீட்டில் படுத்திருந்தார். தலைமாட்டில் செயலி போட்ட கைபேசி. செத்தவர்களின் நெற்வேர்க் என்று பகிடி பண்ணியவர், படுக்கையில் விழுந்த பிறகு தினமும் அதைத்தான் பார்க்கிறார். எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

"இல்லை" என்றேன். "பொறு."

பம்பலப்பிட்டிக்கு ஓட்டோவில் போனேன். பெரியக்கா சாப்பிட்டு மருந்து குடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன். பிறகு கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இருவரும் அழுதோம். அழுது ஓய்ந்த பிறகு பெரியக்கா அறிவித்தலைக் கேட்டு வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

"குஞ்சு எண்டும் போடு. எங்கட குஞ்சண்ணா எண்டால்தான் ஊரில தெரியும்."

சேர்த்தேன். கைபேசியை எடுத்தேன். பிரதீபன் முதல் மணியிலேயே எடுத்தான், பக்கத்திலேயே வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான்.

"சொல்லியாச்சு" என்றேன். "இப்ப போடு."